ஐந்து பத்துக்கு விழிக்கும் கணினி

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். சளியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. உன் தொண்டை எப்படி இருக்கிறது? நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் கணினிக் கோளாறுகளுக்குப் போனில் வழி சொல்கிறவளின் தொண்டையை வேறு யார் விசாரிக்கப்போகிறார்கள்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். ஆனால் நீ 'ஹலோ'வை இழுக்கிற இழுப்பு அப்படியே உன் அண்ணனுடையது. போன மாதம் கூப்பிட்டபோது அந்த ஒரு சொல்லோடு எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. "லைன் சரியில்லண்ணி" என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதனால் எழுதிக்கொள்வோம். நீ சொல்வதைத் தாளில் பார்த்துச் செய்தால் எனக்கும் தப்பு குறையும்.

அக்கா வீட்டில் நாலு மாதம் இருந்தது போதுமென்று நம் வீட்டுக்கே வந்துவிட்டேன். வேலையும் கிடைத்திருக்கிறது. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ய வேண்டும். ஜூலை வரை பரிசோதனைக் காலம். வேகம் காட்டினால்தான் நிரந்தரம். கணினிக்கு எங்கே போவது? உன் அண்ணன் வரைபடம் போட்ட கணினிதான். அன்றைக்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கி, விரிப்பால் மூடிவிட்டுப் போயிருந்தேன். இப்போது போட்டால் ஓடவில்லை, தவழ்கிறது. நான் ஒரு வரி தட்டி முடித்த பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "ஃபார்மட் அடிச்சிடலாம் மேடம். சுத்தமாத் துடைச்சிட்டா புதுசு மாதிரி பறக்கும்" என்றார். "உள்ள இருக்கிறதெல்லாம்?" என்றேன். "போயிடும். அதுக்குத்தானே துடைக்கிறது!" மடியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். எதையும் இழக்காமல், கணினியில் ஏற்கெனவே இருக்கிற வசதிகளை வைத்தே இதைச் சரி செய்ய முடியுமா? அடுத்தது, அன்று மாலை அவர் ஏன் அவ்வளவு நேரம் கிளம்பாமல் வீட்டிலேயே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று இந்தக் கணினிக்குத் தெரிந்திருக்குமா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

இன்னொன்று. சிரிக்காதே. நான் தூங்கவைத்துவிட்டுப் போனாலும் சாயங்காலம் ஐந்து பத்துக்கு அது தானாக விழித்துக்கொள்கிறது. சமையலறையில் நிற்கும்போது அந்த அறையில் விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. அவர் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால் கேட்குமே, அதே சத்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சளி விட்டதா? என் தொண்டை சுடுதண்ணீரில் உயிர் வாழ்கிறது. நேற்று ஒருவர், "எலி நகரவே மாட்டேங்குது" என்று இருபது நிமிடம் கத்தினார். அவர் கையில் பிடித்திருந்தது டிவி ரிமோட். இந்த ஊரில் என் பிழைப்பு இதுதான்.

துடைக்க வேண்டாம். நல்ல காரியம் செய்தீர்கள், மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

முதல் வேலை: அண்ணனின் வரைபடங்கள் உள்ள கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். அது முடியாமல் மற்ற எதையும் தொடக் கூடாது. பிறகு தேடல் பெட்டியில் 'டிஸ்க் கிளீனப்' என்று தட்டுங்கள். கணினிக்குள்ளேயே இருக்கிற துடைப்பம் அது. எந்த டிரைவ் என்று கேட்கும், C என்று சொல்லுங்கள். ஒரு பட்டியல் வரும். தற்காலிகக் கோப்புகளுக்கும் சின்னப் படங்களுக்கும் டிக் போடலாம். 'டவுன்லோட்ஸ்' என்ற வரியில் மட்டும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அண்ணன் எதை எங்கே இறக்கி வைப்பார் என்று சொல்ல முடியாது. குப்பைத் தொட்டியையும் திறந்து பார்க்காமல் காலி செய்யாதீர்கள்.

ஐந்து பத்து விஷயம் பயப்படும்படி ஒன்றுமில்லை. இந்த நேரத்துக்கு எழுந்து இதைச் செய் என்று கணினியிடம் சொல்லி வைக்கலாம். யார் சொன்னது என்று அதற்கு அக்கறை இல்லை, சொன்னவர் இருக்கிறாரா என்றும் பார்க்காது. அடுத்த கடிதத்தில் அதை நிறுத்தும் வழி சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

சளி போய் இருமல் வந்திருக்கிறது. நீ நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

துடைப்பம் போட்டாகிவிட்டது. ஒன்பது ஜிபி குப்பை என்றது. இந்த மனிதர் மேசையில் ஒரு பென்சில் சீவலை விட மாட்டார். உள்ளே பார், இப்படி! குப்பைத் தொட்டியில் நம் சமையலறையின் வரைபடம் ஒன்று கிடந்தது. சன்னலைக் கிழக்குப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார். நான் எப்போதோ கேட்டது. போட்டுப் பார்த்துவிட்டு, சரிப்படாது என்று எறிந்திருக்கிறார். திரும்ப எடுத்து வைத்தேன்.

இவ்வளவு செய்தும் வேகம் கூடவில்லை.

ஐந்து பத்துக்கு முந்தாநாள் அறை வாசலிலேயே நின்றுகொண்டேன். முதலில் விசிறி. பிறகு திரை வெளிச்சம். அவருடைய நாற்காலியின் நிழல் சுவரில் விழுந்தது. திரையில் சின்னதாக ஒரு சன்னல் திறந்தது. அதில் 'காத்திருக்கிறது' என்று இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை நான் கிட்டே போய்ப் படிக்கவில்லை. பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. மறுபடி இருட்டு. யாருக்காக அது காத்திருக்கிறது?

இரண்டு விஷயம் கேட்டிருந்தேன். ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய்.

உன் அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இரட்டை ஷிஃப்ட். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருமலுக்கு மருத்துவரைப் பாருங்கள். நாள் முழுக்க அவர்கள் குரலைக் கேட்டால் மட்டும் இருமல் போகாது.

இந்த முறை இரண்டு வேலை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். யார் யார் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று காட்டும். அதில் 'ஸ்டார்ட்டப்' பக்கத்தில், கணினி எழுந்ததுமே கூட எழுந்துகொள்ளும் ஆட்களின் பட்டியல் இருக்கும். பாட்டு, அரட்டை, வரைபட மென்பொருளின் புதுப்பிப்பான் எல்லாவற்றையும் 'டிசேபிள்' செய்யுங்கள். எதுவும் அழியாது. கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடாமல் வர மாட்டார்கள்.

அடுத்தது 'டாஸ்க் ஷெட்யூலர்'. இடது பக்கப் பட்டியலைச் சொடுக்கினால் நடுவில் வரிசையாக வேலைகள் தெரியும். நேரம் 5:10 என்று இருக்கும் வரியைக் கண்டுபிடியுங்கள். அதன் மேல் வலப்பக்கம் சொடுக்கி டிசேபிள். அவ்வளவுதான். பெயரையோ உள்ளே இருப்பதையோ திறந்து பார்க்க வேண்டாம். தெரியாமல் எதையாவது மாற்றிவிட்டால் கணினி கிளம்பாமலே போகலாம். நேரத்தை மட்டும் பாருங்கள்.

நீங்கள் கேட்ட இன்னொரு விஷயம்: கணினிக்கு அதெல்லாம் தெரியாது அண்ணி. அதற்குக் கோப்புகளைத்தான் தெரியும், மனிதர்களைத் தெரியாது.

வாலு


மார்ச் 24

அன்புள்ள வாலுக்கு,

இருமல் தேவலை. மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரின் குரல் எனக்கு ஏற்கெனவே தெரிந்தது. அவர் பதிவுகளை நான்தான் தட்டச்சு செய்கிறேன். "அடுத்த வரி" என்று அவர் சொன்னதும் என் விரல் தானாக மேசையைத் தட்டிவிட்டது.

நீ சொன்னபடியே செய்தேன். இடது உள்ளங்கையால் பெயரை மறைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் பார்த்து முடக்கினேன். அன்று ஐந்து பத்துக்குச் சமையலறையில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. குழாய் சொட்டியது. பயந்துகொண்டிருந்தவள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும், இல்லையா? வீட்டில் இருந்த ஒருவரை வெளியே அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

எனக்கு ஏன் அந்த மாலை வேண்டும் என்று உனக்குப் புரியவில்லை போலிருக்கிறது. நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அன்று காலை ஈரத்துண்டை நாற்காலியில் போட்டதற்குச் சண்டை. அற்பச் சண்டைதான். "சாயங்காலம் கூப்பிட வர வேணாம், எனக்குக் கால் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். ஐந்தரைக்கு வேலை முடிந்தது. நல்ல மழை. கேட்டில் நின்றேன். எப்போதும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறவர் வரவில்லை. ஐந்தே முக்காலுக்குப் போன் செய்தேன். "ஒருத்தி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறது தெரியலையா? வர்றீங்களா இல்லையா?" என்றேன். "கிளம்பிட்டேம்மா, அஞ்சே நிமிஷம்" என்றார். பாலத்துத் திருப்பத்தில் வண்டி சறுக்கியது. அந்த வேகம் என் போனுக்காக எடுத்த வேகம்.

ஆறு மாதமாக நான் பார்ப்பது ஒரே காட்சிதான். அவர் இந்த நாற்காலியில் கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வர வேண்டாம் என்றாயே, நில் என்று உட்கார்ந்திருக்கிறார். அத்தை அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள்: "நீ போன் பண்ணாம இருந்திருந்தா என் புள்ள இருந்திருப்பான்." நீயும் அங்கேதான் இருந்தாய். நான் அத்தையை மறுக்கவில்லை. கணக்கு சரியாகத்தானே வருகிறது.

வேகம் இன்னும் கூடவில்லை. மேற்பார்வையாளர் அம்மா நேற்று, "நீங்க தட்டுறீங்களா, செதுக்குறீங்களா?" என்று கேட்டார்.

பதில் எழுது.

உன் அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமே வேண்டுவது.

C டிரைவின் மேல் வலப்பக்கம் சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'டூல்ஸ்'. அங்கே 'செக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வட்டில் பழுது இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும். அதற்குக் கீழே 'ஆப்டிமைஸ்'. சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்கும். நேரம் எடுக்கும், பாதியில் அணைக்காதீர்கள்.

இதிலும் வேகம் கூடாவிட்டால் யோசிப்போம்.

கணக்கு சரியாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்.

வாலு


மே 6

அன்புள்ள வாலுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே, காய்ச்சலா?

வட்டில் பழுது இல்லையாம். அடுக்கியும் பார்த்தேன். பலனில்லை. அப்புறம் நானே ஒரு காரியம் செய்தேன். நீ திட்டுவாய்.

டிஸ்க் கிளீனப்பில் அங்கே இங்கே சொடுக்கியதில் 'சிஸ்டம் ரீஸ்டோர்' என்று ஒன்று கண்ணில் பட்டது. கணினியை முன்பு இருந்த ஒரு நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் என்று போட்டிருந்தது. திறந்தேன். தேதிகளின் பட்டியல். நாலு மாதம் பிளக் பிடுங்கிக் கிடந்ததால் பழைய தேதிகள் அப்படியே இருந்தன. கீழே, செப்டம்பர் 17. அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால்.

எனக்குப் புத்தி இருக்கிறது, வாலு. பத்து வருடம் கிளினிக்கில் வேலை பார்த்தவள். திரும்புவது கணினி மட்டும்தான் என்று தெரியும். 'ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது, உறுதிதானா?' என்று அது கேட்டது. ஆம் என்று சொடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவெல்லாம் வெயில். திரை இருண்டதும் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். அது முடிகிற வரைக்கும் திறந்தே வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர், "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் செப்டம்பர் 17 வந்தது. யாரும் வரவில்லை. பிப்ரவரியில் போட்ட என் தட்டச்சு மென்பொருள் காணாமல் போயிருந்தது. செப்டம்பரில் அது ஏது? மேற்பார்வையாளர் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி போடச் சொன்னேன். நிரந்தரம் இனிச் சந்தேகம்தான்.

ஆனால் ஐந்து பத்து திரும்பி வந்துவிட்டது. நான் முடக்கியதும் செப்டம்பரில் நடக்கவில்லையே. விசிறி, வெளிச்சம், நிழல். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தே காத்திருந்தேன். 'காத்திருக்கிறது' என்பதற்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். டாஸ்க் ஷெட்யூலரில் அந்த வேலைக்கு அவர் வைத்திருக்கும் பெயரையும் படித்தேன்.

'ஈவன்ட் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. கணினி எப்போது எழுந்தது, யார் வந்து இணைந்தார்கள், எத்தனை மணிக்குத் துண்டித்தார்கள் என்று நிமிடம் தவறாமல் எழுதி வைக்கும் நாட்குறிப்பு. நீ எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாய், அதை மட்டும் சொல்லவில்லை. கணினி 17-க்குத் திரும்பினாலும் அந்த நாட்குறிப்பு அழியவில்லை, செப்டம்பர் 19-க்கு ஒரு பக்கம் இருக்கிறது.

நான் இனி எதுவும் கேட்கப்போவதில்லை. மூன்று மாதம் கேட்டாகிவிட்டது.

வெயிலில் அலையாதே.

அண்ணி


ஜூன் 1

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதினோரு முறை தொடங்கிக் கிழித்தேன். நீங்கள் படித்துவிட்டீர்கள் என்பதால் சொல்வது ஒப்புக்கொள்வதில் சேராது. ஆனாலும் நானே சொல்ல வேண்டும்.

அந்த வேலைக்கு அண்ணன் வைத்த பெயர் 'வாலு'. கணினி எனக்காகத்தான் காத்திருக்கிறது.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் வரவில்லை. தினமும் அழுதுகொண்டு அண்ணனைக் கூப்பிடுவேன். "அழாதே, என் கணினிதான் உனக்குச் சோதனை எலி" என்றார். என் ஷிஃப்ட் ஐந்துக்கு முடியும். ஐந்து பத்துக்குத் தொலைவிலிருந்து இணையும் வசதியை அவர் கணினியே திறந்து வைக்கும்படி செய்தார். அதற்கு முன் ஏதாவது ஒரு கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கி வைப்பார். நான் இங்கிருந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். "இன்னைக்கு சத்தத்தைத் திருடிட்டேன், எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னு பாரு" என்பார். பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போகாது. உங்களைக் கூப்பிடப் போக வேண்டும் என்று எழுந்துவிடுவார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். வேலை தெரியாமல் வேலைக்கு வந்தவள் என்று நினைப்பீர்களே என்ற வெட்கம்.

அன்று கணினியின் வேகத்தைத் திருடி வைத்திருந்தார். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்து இருபத்தைந்துக்கு, "போதும் வாலு. உங்க அண்ணி கேட்ல நிப்பா, மழை வேற" என்றார். நான், "ரெண்டே நிமிஷம்ணே, கிட்ட வந்துட்டேன்" என்றேன். கிட்டே வரவில்லை. தோற்கப் பிடிக்கவில்லை. மறுபடி கிளம்பப் பார்த்தார். மறுபடி கெஞ்சினேன். நீங்கள் கூப்பிட்டபோது அவர் போனில் நான் இருந்தேன் அண்ணி. என்னை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் "கிளம்பிட்டேம்மா" என்று உங்களிடம் சொன்னார். திரும்ப என்னிடம் வந்து, "செத்தேன். நாளைக்கு வா" என்றார். 5:47. நாட்குறிப்பில் அது இருக்கும்.

அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் கோபமாக இல்லை. துண்டுச் சண்டையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "காலையில செம டோஸ். வர வேணாம்னு சொல்லியிருக்கா. போகலைன்னா அதுக்குத் தனி டோஸ்" என்றார். நாற்காலியைத் துடைத்துக் காயவைத்துவிட்டதாகவும், நீங்கள் வந்ததும் தொட்டுப் பார்க்கச் சொல்லப்போவதாகவும் சொன்னார். நீங்கள் பார்க்கும் அந்தக் காட்சி நடக்கவே இல்லை.

அம்மா உங்களைச் சொன்னபோது நான் கதவருகில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். "யாருக்காவது தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். எட்டு மாதமாக அந்தக் கேள்வி என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் வீட்டுக்குத் திரும்பியது உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஜனவரி கடைசியில் ஒரு நாள் ஐந்து பத்துக்கு, என் திரையில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. 'தயாராக இருக்கிறார்' என்று வந்தது. நான் கத்தியதில் பக்கத்து மேசைக்காரி காபியைக் கொட்டிவிட்டாள். அதன் பிறகு தினமும். நீங்கள் முடக்கிய நாளில் அணைந்தது. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி எரிந்தது. ஒரு நாளும் நான் அதைச் சொடுக்கவில்லை. சொடுக்கினால் யார் எடுப்பார்கள் என்று பயம்.

இன்னும் ஒன்று, இதுதான் ரொம்பக் கேவலமானது. அந்தக் கோளாறு இன்னும் உள்ளேயே இருக்கிறது. கணினி எழும்போது படிக்கிற அமைப்பில் அது இருப்பதால், நீங்கள் செப்டம்பர் 17-க்குத் திருப்பியதும் அதைத் தொடவில்லை. நான் உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு படியும் அன்று விட்ட இடத்திலிருந்து உங்கள் கையை வைத்து நான் தேடியதுதான். ஏப்ரலில், இதே குறையோடு கூப்பிட்ட ஒருவருக்கு உதவும்போது விடை கிடைத்துவிட்டது. சொன்னால், அதை அப்படி மாற்றி வைத்தது யார், எதற்காக என்று கேட்பீர்களே. உங்கள் வேலை போகும் என்று தெரிந்தும் வட்டை அடுக்கச் சொல்லி எழுதினேன்.

தேடல் பெட்டியில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்'. 'பூட்' பக்கம். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. கணினிக்குள் நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். மூன்று பேரை அண்ணன் உட்காரவைத்துவிட்டார். 'நம்பர் ஆஃப் ப்ராசசர்ஸ்' என்பதற்கு எதிரே டிக் இருக்கும், பக்கத்தில் 1. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வாலு


ஜூன் 29

வாலுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் சாப்பிடாமல் கிடக்காதே. அது எனக்கு எந்த விதத்திலும் உதவாது.

டிக்கை எடுத்தேன். நீ கடிதத்தில் எழுதியது ஒரு வரி, அதைச் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. இந்த வீட்டில் அவர் கடைசியாகச் செய்த காரியம் அது. என் கையால் எடுக்க வேண்டியிருந்தது. கணினி எழுந்தபோது எழுத்துகள் என் விரலுக்கு முன்னால் ஓடின. மேற்பார்வையாளர் அம்மா, "என்ன, ஆளே மாறிட்டீங்க?" என்றார். வேலை தங்கும் போலிருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். முப்பத்தேழு நிமிடத்துக்காக நான் உன் மேல் கோபப்படவில்லை. நீ கூப்பிட்டாய், அவர் உட்கார்ந்தார். நானாக இருந்தாலும் இரண்டு நிமிஷம் என்றுதான் கேட்டிருப்பேன். ஆனால் அந்தத் தண்ணீர், வாலு. நான் அன்று வாங்கிக் குடித்தேன். நீதான் கொண்டுவந்து கொடுத்தாய்.

அவர் சிரித்தார் என்று எழுதியதற்காக உன் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. ஒன்பது மாதத்தில் காயாமல் என்ன செய்யும்? ஆனாலும் தொட்டேன்.

தினமும் எனக்காக விழிக்கிறது என்று நினைத்திருந்தேன். உனக்காக என்று தெரிந்ததும் பொறாமையாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. நேற்று அந்த வேலையை நீக்கிவிட்டேன். இந்த முறை முடக்கவில்லை, நீக்கிவிட்டேன். உன் பக்கம் இனிப் புள்ளி எரியாது.

எனக்கு ஒன்று செய். அத்தையிடம் சொல். போனில் வேண்டாம், கடிதத்தில் வேண்டாம். போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல். அதற்குப் பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுதலாம் போல இருக்கிறது. நீங்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். லீவு கிடைக்கப் பத்து நாள் ஆனது. அதுவரை ஐந்து பத்துக்கு என் கண் திரைக்குப் போய் வந்தது. நீங்கள் சொன்னபடியே, இருட்டு.

போன திங்கட்கிழமை சொன்னேன். அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய சட்டை. இன்னும் தைத்துத் தைத்து வைக்கிறாள். நான் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை ஊசி நிற்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எத்தனை நிமிஷம்?" என்றாள்.

"முப்பத்தேழு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு முன்னாடியே?"

"ஆமா."

சட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள். இரண்டு நாள் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் அழுதபோது கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் வந்து, "பேப்பர் பேனா எடுத்துட்டு வா. அவளுக்கு நான் சொல்றேன், நீ எழுது" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். அம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவள எப்படிக் கூப்பிட்டு எழுதறது?" என்று கேட்டாள். "எப்பவும் எப்படிக் கூப்பிடுவ?" என்றேன். "அப்பக் கூப்பிட்ட மாதிரி இப்பக் கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றாள். பால்காரர் வந்து போனார். தபால்காரர் வந்து போனார். "நான் அன்னைக்கு..." என்று தொடங்கினாள். பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தேன். ஒரு புள்ளி மட்டும் ஊறிப் பெரிதானது. அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தேன்.

மதியம் வரை அப்படியே. பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். எழுதிப் பழக்கமில்லாமல் கோணலாகப் போயிருக்கிறது. ஆனால் பெயரை முழுதாக எழுதியிருக்கிறாள்.

"மேல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றேன்.

"நான் என்ன சொல்லணும்னு அவளுக்குத்தான் தெரியும். மேல அவளே எழுதிக்கட்டும். என்ன எழுதினாலும் நான் சொன்னதுதான்."

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடித்தால் கோடு விழுமாம், மடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இவ்வளவு பெரிய உறை.

வாலு